குறுக்குத் தகடு

பதினேழு வருசமாய்ச் சீனக்குடாவில் எண்ணெய் ஏற்றிப்
பவுசர் ஓட்டுகிறேன்.
நோவு ஏழு வருசமாய்.
நாரியின் இடப்பக்கம், பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே,
பூட்டுக்குள் யாரோ சாவியை முறித்துவிட்டுப் போனமாதிரி.

எருக்கிலை சுட்டு ஒத்தினேன்.
கன்னியாவில் ஏழு கிணற்றையும் தலையில் ஊற்றினேன்;
எட்டாவது இருந்திருந்தால் அதையும்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர்
"வயசுக்கேற்ற தேய்வுதான்" என்றார்.
தேய்வு என் வயசுக்கு.
நோவு யாருடைய வயசுக்கு?

இப்போது வியாழன் பின்னேரங்களில்
உட்துறைமுக வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி,
ஆறு பாய்கள். பிலாட்டிஸ்.
பெயரைக் கேட்டு மனைவி சிரித்தாள்:
"பூசுறதோ, குடிக்கிறதோ?"

கிண்ணியாவிலிருந்து நஸ்லியா வருவாள்.
கடிகாரம் பார்க்கமாட்டாள்,
எங்கள் மூச்சை எண்ணுவாள்.
எனக்கு இந்தப் பக்கம் யூடித் டீச்சர்,
கரும்பலகைக்கு முன் முப்பது வருசம் நின்ற முதுகு.
அந்தப் பக்கம் நேவியில் ஓய்வுபெற்ற ரத்னசிறி.
அவர் நாரிக்கு என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை.
என்னுடையதற்கு என்ன நடந்ததென்று அவரும் கேட்கவில்லை.
நான்கு முழங்கால்கள் ஒரே சீலிங்கைப் பார்த்தன.

பாரம் தூக்கச் சொல்வாள் என்று போனேன்.
கிடக்கச் சொன்னாள்.
"தொப்புளுக்குக் கீழ ஒரு கிண்ணம் தண்ணி இருக்கெண்டு நினையுங்கோ.
சிந்தாமல் ஒரு காலை உயர்த்துங்கோ."
உயர்த்தினேன். கிண்ணம் கவிழ்ந்தது.
முப்பத்து மூவாயிரம் லீற்றர் இழுக்கிறவனுக்கு
தன் ஒற்றைக் காலின் பாரம்
நாற்பத்தாறு வயசில்தான் தெரிகிறது.

மூன்றாம் கிழமை சொன்னாள்:
"வெளியில தெரியிற தசை இல்லை அண்ணை.
உள்ளுக்க, குறுக்கால, பட்டிமாதிரி ஒண்டு இருக்கு.
நோவுக்குப் பயந்து அது வேலையை மறந்திட்டுது.
மூச்சை விடேக்க மெல்லமாக் கூப்பிடுங்கோ."

அப்போதுதான் விளங்கியது.
நிரம்பிய தாங்கிக்குப் பயமில்லை,
பாதித் தாங்கிதான் ஆளைக் கொல்லும்.
வளைவில் நீ ஒருபக்கம் திருப்ப
எண்ணெய் மறுபக்கம் போகும்.
அதற்காகத்தான் உள்ளே
குறுக்குத் தகடுகள் வைத்து ஒட்டியிருக்கிறான்,
நடுவில் ஓட்டை விட்டு.
வெளியே நின்று பார்க்கிறவனுக்கு வெறும் உருளைதான்.
தகடு வைத்த தாங்கியை இவ்வளவு காலமும்
தகடு கழன்ற உடம்பு
இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

இதைச் சொன்னேன். அடுத்த வியாழன்
"தகட்டைப் பிடியுங்கோ" என்றாள் எல்லோருக்கும்.
ரத்னசிறிக்கு யூடித் டீச்சர் சிங்களத்தில்,
கையால் ஒரு பவுசர் கீறி, விளங்கப்படுத்தினார்.

"நோவு போகுமோ?"
"குறையும். போகுமெண்டு நான் சொல்லேல்ல."
பத்தில் ஏழாக இருந்தது, இப்போது நாலு.
மழைக்கு முதல் நாள் ஐந்து.
மகளின் கலியாணப் பேச்சு வந்தால் ஆறு.

கோணேசர் மலையைப் பெயர்க்கப் போன ராவணனுக்குப்
பத்துத் தலையும் இருபது கையும் எண்ணினார்கள்.
இருந்த ஒரே நாரியை
யாரும் விசாரிக்கவில்லை.

நேற்றிரவு கந்தளாயில் பாதி இறக்கி
மிச்சத்தோடு காட்டுக்குள் போக,
வீதி நடுவில் ஒற்றை யானை.
எஞ்சினை நிறுத்தினேன். அதற்கு அவசரமில்லை.
முந்தி என்றால் அந்த இருபது நிமிசமும்
பல்லைக் கடித்தே கழிந்திருக்கும்.
மூச்சை விட்டேன். வயிற்றை மெல்ல உள்ளெடுத்தேன்.
பின்னால் எண்ணெய் ஒருமுறை அசைந்து
தகட்டில் தட்டி அடங்கியது.

யானை பின்னங்காலை உயர்த்தி, வைத்து,
மற்றதை உயர்த்தியது.
அவ்வளவு பாரத்தை
என்னமாய்ச் சிந்தாமல் கொண்டு போகுது, பார்.